செக்ரோலைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், நாற்காலி பிறகு

வாசகி கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 25. வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் முடித்துவிட்டு இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அப்பா எங்கள் டிவிசனில் தொழிற்சங்கத் தலைவர். அம்மா கொழுந்து எடுக்கிறார். தொழில் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் வேலையையே என் தொழிலாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன். அதற்குச் சட்டம் படிப்பதா, தொழில் உத்தியோகத்தர் பரீட்சை எழுதுவதா, சங்கத்தில் சேர்வதா, கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்குப் போவதா? தலைவரின் மகள் என்று தெரிந்தால் என்னை யாராவது நடுநிலையாக நினைப்பார்களா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட நான்கும் நல்ல வழிகள்தான். எந்த நாற்காலியில் உட்காருவது என்பதை இரண்டு வருடம் கழித்து முடிவு செய்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அதற்கு முன்னால் கைவர வேண்டியது ஒன்று இருக்கிறது. தோட்டத்தின் செக்ரோலை, அதாவது தொழிலாளியின் வேலை நாளும் கூலியும் பதியும் பதிவேட்டை, வாசிக்கவும், ஒரு குறையைக் கேட்டவுடன் அதைத் திகதியாக, பெயராக, கிலோவாக, ரூபாவாக எழுதவும் தெரிய வேண்டும். மலையகத்தில் நியாயமுள்ள எத்தனையோ பிணக்குகள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

அரைப்பேர் பிரச்சினையையே, அதாவது கொழுந்து குறைந்தால் அரை நாள் கூலி மட்டும் போடும் பிரச்சினையையே, எடுத்துக்கொள்வோம். ஜனவரி கடைசி. பகலில் வெயில், இரவில் உறைபனி, கொழுந்து குறைவு. 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்று தோட்டம் சொல்கிறது. 14 பெண்களுக்கு ஆறு நாள் அரைப்பேர் விழுந்துவிட்டது. தலைவர் ஆபிசுக்குப் போய், "எங்கள் சனத்துக்கு அநியாயம் நடக்கிறது" என்கிறார். தோட்ட முகாமையாளரான பெரியதுரை, "மற்ற கேங் 18 எடுக்கிறதே" என்கிறார். பேச்சு அதோடு முறிகிறது. மறுநாள் காலை, பேர் போட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலிருந்து யாரும் மலைக்கு இறங்குவதில்லை.

இதே பிணக்கைத் தொழில் தெரிந்த ஒருவர் எடுத்தால் முதலில் ஒரு தாளில் கோடு போடுவார். 14 பெயர், ஒவ்வொருவரின் சேமலாப நிதி (EPF) இலக்கம், ஆறு திகதிகள். ஒவ்வொரு நிறுப்பிலும் எத்தனை கிலோ, அதில் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று எவ்வளவு கழித்தார்கள், எந்த இலக்க மலையில் நின்றார்கள், அந்த மலையில் அதற்கு முன் கொழுந்து எடுத்தது எந்தத் திகதி. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏழெட்டு நாளில் வரவேண்டிய சுற்றை ஐந்தாம் நாளிலேயே கொண்டுவந்தால் அந்த மலையில் 18 கிலோவுக்குக் கொழுந்து இருக்காது. "மற்ற கேங்" நின்றது வேறு மலை, வேறு சுற்று என்று அப்போதுதான் வெளியே வரும். தோட்ட ஆபிசில் மழை அளவு தினமும் எழுதப்படுகிறது. போன வருடம் இதே கிழமைகளில் சராசரியாக எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்பதும் அங்கே இருக்கும். அவற்றைக் கேளுங்கள். நம் மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சி; ஊவாப் பக்கம் என்றால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரல், மே மாதத்தில் கொழுந்து பொங்கும்போது பார்த்த அளவை ஜனவரியில் எப்படிக் கேட்பது என்ற கேள்விக்குத் துரையும் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பணம். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த 1,350 ரூபா நாட்கூலியை வைத்துக் கணக்குப் போடுகிறேன். நீங்கள் போடும் நாளில் நடைமுறையிலுள்ள வர்த்தமானியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரைப்பேரில் ஒருவருக்கு ஒரு நாள் இழப்பு 675 ரூபா. 14 பேருக்கு ஆறு நாள் 56,700. அதன்மேல் தோட்டம் கட்டவேண்டிய சேமலாப நிதி 12 சதவீதம், 6,804. நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதம், 1,701. மொத்தம் 65,205 ரூபா. ஒரு நாள் கொழுந்து மலையில் நின்றுபோனால் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, என்ன நட்டம் என்பது துரைக்கு நன்றாகத் தெரியும். 65,205 என்ற எண்ணை மேசையில் வைத்தால் இரண்டையும் அவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "அநியாயம்" என்ற சொல்லோடு எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட தகராறு இப்போது ஏன் கூடியிருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, பெரிய சங்கங்களும் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூட்டு ஒப்பந்தம் எழுதுவது வழமையாக வந்தது. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்று கைச்சாத்திட்டதுதான் அந்த வரிசையில் கடைசி. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபா வந்தது. கம்பெனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அன்றைக்கு எல்லோரும் சம்பளத் தொகையைத்தான் பார்த்தார்கள். வேலை நாள், வேலை அளவு, குறையை எந்தப் படியில் யாரிடம் கொண்டுபோவது என்பதற்கெல்லாம் அந்த ஒப்பந்தம்தான் ஆதாரமாக இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு அளவை ஒவ்வொரு தோட்டமும் தன் பாட்டுக்கு வைக்கிறது. காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குப் பொறுப்புக் கொடுக்கும் முறை வந்த இடங்களில், அந்தக் குடும்பம் இன்னும் தோட்டத்தின் தொழிலாளியா, சேமலாப நிதி கட்ட வேண்டுமா என்பதே பிணக்காகிவிட்டது. இந்தத் தொழிலுக்கு ஆள் தேவைப்படுகிற காலம் இது. நான் உங்களை உற்சாகப்படுத்துவதற்கு முதல் காரணமும் அதுதான்.

பேசித் தீர்க்கும் ஏற்பாடு இந்த மலைக்குச் சும்மா வரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்த வருடமே தோட்டத் துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தன. சங்கத்தை முதலாளி எதிரே உட்காரவைத்துப் பேசுவது அங்கிருந்துதான் வழக்கத்துக்கு வந்தது. பிறகு 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். 1957இல் வந்த திருத்தம், வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைகளை உண்டாக்கியது. உங்கள் வேலையின் பெரும்பகுதி இந்தச் சட்டத்துக்குள்தான் நடக்கும். அதை ஒரு தரமாவது முதலிலிருந்து கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

அடுத்த வகைப் பிணக்கில் ஒரு குடும்பத்தின் சோறே அடங்கியிருக்கிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஒருவருக்கும், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கும் வாய்த்தர்க்கம். "நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்று வாயால் சொல்லிவிடுகிறார்கள். கடிதம் எதுவும் இல்லை. மனுசன் ரோசத்தில் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) இருந்துவிடுகிறார், அல்லது கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுகிறார். சில மாதம் கழித்து யாரோ சொல்லி நியாய சபையில் விண்ணப்பம் போடுகிறார்கள். தோட்டத்தின் பதில் ஒரே வரி: "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வேலையை விட்டுப் போனார்."

அந்த வரியில் வழக்கின் பாரம் முழுவதும் இடம் மாறிவிடும். நீக்கியதைத் தோட்டம் ஒப்புக்கொண்டால், நீக்கியது நியாயம் என்று தோட்டம்தான் முதலில் சாட்சி வைக்க வேண்டும். நீக்கவே இல்லை என்று மறுத்தால், நீக்கப்பட்டதைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு யார் சாட்சி சொல்வார்கள்? பக்கத்தில் நின்றவர்கள் நாளைக்கும் அதே கணக்கப்பிள்ளையிடம்தான் பேர் போட வேண்டும்.

ஆகவே முதல் இரண்டு மூன்று நாள்தான் இந்த வழக்கின் உயிர். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பெரட்டுக்குப் போகச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பியவர் யார், எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றே முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போக வேண்டும்: "இன்ன திகதி இன்னார் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார். இன்ன திகதி காலை வேலைக்கு வந்தேன், பேர் போடவில்லை. வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். என்னை நீக்கியிருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும்." நான்கு வசனம் போதும். வசவு வேண்டாம், பழைய கதை வேண்டாம். பிரதியொன்று தொழில் அலுவலகத்துக்கு. தபால் துண்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நீக்கினால், அதற்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலை முடிவுறுத்தல் பற்றிய சட்டம் சொல்கிறது. உங்கள் கடிதம் அந்தக் கடமையைத் தோட்டத்தின் முகத்துக்கு முன்னால் வைக்கிறது. பதில் வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்குச் சாட்சிதான்.

நியாய சபைக்குப் போக ஆறு மாதம் அவகாசம் உண்டு. "சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது" என்ற நம்பிக்கையிலேயே அந்த ஆறு மாதமும் கரைந்துவிடும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். பேச்சில் தீர்ந்தால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, நகரத்து வழக்குகளில் பலர் நட்டஈட்டோடு திருப்திப்படுவார்கள். தோட்டத்தில் லயத்து அறையும் வேலையோடு பிணைந்திருக்கிறது. ஆகவே பணத்துக்கு இணங்குவதற்கு முன், வேலை போனால் இந்தக் குடும்பம் எங்கே இருக்கும் என்று கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள்.

தொழிலாளி உண்மையிலேயே கைநீட்டியிருந்தால்? கொழுந்து திருடியிருந்தால்? இல்லவே இல்லை என்று சாதிக்க வைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் பொய் உடைந்தால் மற்ற எல்லா உண்மையும் அதோடு போய்விடும். குற்றப்பத்திரத்தில் திகதியும் இடமும் செயலும் சரியாக இருக்கிறதா, குற்றம் சாட்டியவரே விசாரித்தாரா, சேவைக்காலத்தைப் பார்த்தார்களா, இதே குற்றத்துக்குப் போன முறை இன்னொருவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தண்டனையின் அளவைப் பற்றிப் பேச அங்கே நிறைய இடம் இருக்கிறது.

இனி இணக்கம் பேசும் மேசை. தொழில் அலுவலகத்தில் விசாரணை என்றால் இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்காரும், உத்தியோகத்தர் நடுவில் குறிப்பெடுப்பார். முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் கோபம்தான் பேசும். அதை வெட்டிவிடக் கூடாது, பேசி ஆறட்டும். அதற்குப் பிறகு தனித்தனியாக அழைத்துப் பேசும்போதுதான் உண்மையான தடை தெரியவரும். துரைக்குப் பணத்தைவிட, "ஒரு தோட்டத்தில் விட்டுக்கொடுத்தால் மற்ற டிவிசனும் கேட்கும்" என்ற பயம் பெரிதாக இருக்கும். தலைவருக்கு, வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பினால் அடுத்த மாதம் சந்தாப் பட்டியலில் பெயர்கள் மற்றச் சங்கத்துக்குப் போய்விடும் என்ற பயம். இருவருக்கும் முகம் கெடாத ஒரு வழியைக் கண்டுபிடிப்பதில்தான் இணக்கம் பேசுபவரின் திறமை இருக்கிறது. மேலே சொன்ன அரைப்பேரை எடுத்தால், "தவறு" என்ற சொல்லை எழுதாமல், "இன்ன இலக்க மலையின் சுற்று முன்கூட்டி வந்ததால் இந்த ஆறு நாளும் முழுப்பேராகக் கணிக்கப்படும்" என்று எழுதலாம். துரையின் அதிகாரத்துக்கும் பங்கமில்லை, பெண்களுக்குப் பணமும் வந்துவிடும்.

உடன்பாட்டை எழுதும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "முகாமைத்துவம் இதனைச் சாதகமாகப் பரிசீலிக்கும்" என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால், மூன்று மாதத்தில் அதே பிணக்கு இன்னும் சூடாகத் திரும்பி வரும். "பரிசீலிக்கும்" என்ற சொல்லைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். "இணைப்பிலுள்ள 14 பேருக்கும் தலா 4,050 ரூபா பெப்ரவரி மாதச் சம்பளத்தோடு மார்ச் 10ஆம் திகதிக்கு முன் செலுத்தப்படும், சேமலாப நிதிப் பங்களிப்பும் அதே மாதக் கணக்கில் சேர்க்கப்படும்" என்று இருக்க வேண்டும். யார், எவ்வளவு, எந்த நாளுக்குள், எந்தப் பட்டியலின்படி. சட்டத்தின்கீழ் எழுதிய இணக்கக் குறிப்பு இரு தரப்பையும் கட்டும். அதன் நிபந்தனைகள் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகவே கொள்ளப்படும். ஆனால் தெளிவில்லாத வசனத்தை எந்தச் சட்டத்தாலும் அமுல்படுத்த முடியாது. கையெழுத்து வைக்குமுன் தமிழில் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய தாளில் பெருவிரல் வைத்துவிட்டு, என்ன எழுதியிருந்தது என்று பிறகு நம்மவர்கள் கேட்கும் நிலை இன்னும் மாறவில்லை.

இப்போது நான்கு வழிகள். என் அபிப்பிராயம் கேட்டால், முதல் இரண்டு வருடத்துக்குச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயம் ஒன்றில் வேலை செய்யுங்கள். சம்பளம் குறைவு. கட்சி அரசியல் உள்ளே வரும், தேர்தல் காலத்தில் பிணக்குக் கோப்புகள் ஓரத்தில் கிடக்கும். இதெல்லாம் தெரிந்தே சொல்கிறேன். ஒரே வருடத்தில் அரைப்பேர், இடமாற்றம், குளவி கொட்டியதற்கு நட்டஈடு, சேவைக்காலப் பணம், பிரசவச் சகாயம், வேலை நீக்கம் என்று எல்லா வகையும் வாசலுக்கு வருகிற இடம் வேறு கிடையாது. அதோடு தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகத் தோன்றுவதற்குச் சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கத்தின் பிரதிநிதி தோன்றலாம். சாட்சியை நெறிப்படுத்துவதும் குறுக்குக் கேள்வி கேட்பதும் அங்கேயே பழகிவிடும். மலையகத்துச் சங்கங்களின் பிணக்குப் பிரிவுகளில் பெண்கள் மிகக் குறைவு. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். மலையில் நடக்கும் சில தொல்லைகளை அவர்கள் ஓர் ஆண் தலைவரிடம் வாய்திறந்து சொல்லவே மாட்டார்கள். நீங்கள் அந்த மேசையில் இருப்பதே பல கோப்புகளைத் திறக்கும்.

சங்கத்துக்குப் போனால் ஒரு விதியை மனதில் வைத்திருங்கள். 1999இல் வந்த திருத்தத்தின்படி, தான் யாருக்காகப் பேச வருகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு சங்கம் உள்ள இடத்தில் யாருக்கும் 40 கிடைக்காமல் போவதுண்டு. அப்போது சங்கங்கள் சேர்ந்து பேசத் தெரிந்தால்தான் காரியம் நடக்கும். பக்கத்துச் சங்கத்தின் பிரதிநிதியோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாவசியக் கைத்தொழில் என்று அமைச்சர் கட்டளையிட்ட துறையில் 21 நாள் எழுத்து மூல அறிவித்தல் இல்லாமல் வேலைநிறுத்தம் தொடங்கக் கூடாது என்பதும் இதோடு தெரிந்திருக்க வேண்டிய விடயம். சூட்டோடு சூடாகக் கூடையைக் கீழே வைக்கச் சொல்லுமுன் அந்தக் கட்டளை நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொழில் உத்தியோகத்தர் பதவி உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். வேலைத்தலத்துக்குள் நுழையவும் செக்ரோலையும் சம்பளப் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்கவும் அந்தப் பதவிக்கு அதிகாரம் உண்டு. சேமலாப நிதி கட்டாத முதலாளியை நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம். ஆனால் பரீட்சை வர்த்தமானியில் அழைப்பு வரும்போதுதான் நடக்கும், ஒவ்வொரு வருடமும் வரும் என்று நம்பியிருக்க முடியாது. தகைமையையும் வயதெல்லையையும் அந்தந்த அழைப்பிலேயே பாருங்கள். வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானியைப் பார்ப்பதை இப்போதே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மனிதவளப் பிரிவைக் குறைத்து நினைக்க வேண்டாம். கம்பெனிக்குள் இருந்துகொண்டு, "இந்தக் குற்றப்பத்திரம் நிற்காது, கடிதத்தைத் திருப்பி எடுங்கள்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர், வெளியே ஒரு சங்கத்தால் முடியாத காரியத்தைச் செய்ய முடியும். அந்தச் சொல்லுக்கு மதிப்பு வருவதற்கு மற்றப் பக்கத்தின் அனுபவம் வேண்டும். அதனால்தான் இதைப் பிற்பாட்டுக்கு வையுங்கள் என்கிறேன். சட்டத்தரணி ஆவது நீண்ட வழி, செலவும் அதிகம். நியாய சபைத் தலைவராக வரும் கனவு இருந்தால் மட்டும் அதை இப்போதே தொடங்குங்கள்.

நடுநிலை பற்றிக் கேட்டீர்கள். சங்கத்தில் இருக்கும்போது நீங்கள் நடுநிலை இல்லை, இருக்கவும் வேண்டாம். ஒரு தரப்பின் பிரதிநிதி. அங்கே உங்களிடம் எதிர்பார்ப்பது நீங்கள் வைக்கும் எண்ணும் திகதியும் சரியாக இருக்க வேண்டும் என்பதைத்தான். உங்கள் பட்டியலில் ஒரு தரம் பிழை கண்டுபிடித்த துரை அடுத்த பட்டியல் எதையும் நம்ப மாட்டார். ஐந்து பட்டியல் சரியாக வந்தால் ஆறாவதைச் சரிபார்க்காமலே எடுத்துக்கொள்வார். தொழில் திணைக்களத்துக்குப் போன பிறகு கதை வேறு. உங்கள் தோட்டத்துக் கோப்போ, அப்பாவின் சங்கம் சம்பந்தப்பட்ட கோப்போ மேசைக்கு வந்தால், கேட்பதற்கு முன்பே எழுத்தில் சொல்லி இன்னொருவருக்கு மாற்றிவிடுங்கள். இரு தரப்பையும் சமநேரம் பேச விடுவது, ஒரு தரப்பு தந்த தாளை மற்றத் தரப்புக்குக் காட்டுவது, விசாரணைக்கு வந்த யாரோடும் வெளியே தனியாக நின்று பேசாமல் இருப்பது, இவற்றைப் பார்த்துத்தான் சனம் ஒருவரை நடுநிலை என்று தீர்மானிக்கிறது. தலைவரின் மகள் என்பது அதற்குத் தடையே இல்லை. பெரட்டும் சந்தாப் பட்டியலும் உங்களுக்கு யாரும் படிப்பித்துத் தர வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

படிப்பு என்று பார்த்தால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மனிதவள மேம்பாட்டு நிறுவனம் 1975இல் தொழிலாளர் கல்வி நிறுவனமாகத் தொடங்கிய இடம். வேலை செய்துகொண்டே படிப்பவர்களை மனதில் வைத்து அமைந்தது. தொழில் அமைச்சின் கீழுள்ள தேசிய தொழில் கற்கைகள் நிறுவகத்திலும் குறுகிய பயிற்சிகள் நடக்கின்றன. கம்பெனிப் பக்கம் போக நினைத்தால் ஆளணி முகாமைத்துவப் பட்டய நிறுவகத்தின் தகைமையைக் கேட்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தங்கை, சிங்களம். பேசத் தெரிந்தால் போதாது. ஒரு முறைப்பாட்டை வாசித்து, பதில் கடிதம் ஒன்றைச் சிங்களத்தில் எழுதத் தெரிய வேண்டும். தோட்டத்துப் பதிவேடு ஆங்கிலத்தில், தொழிலாளியின் வாய் தமிழில், அலுவலகக் கோப்பு பெரும்பாலும் சிங்களத்தில். மூன்றையும் வாசித்து மூன்றும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கக்கூடியவர்கள் ஹட்டனிலும் பதுளையிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். முன்பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும் அல்லவா? மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

கடிதத்தின் அடியில் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: சேமலாப நிதிக்கான பீ கார்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், ஓய்வு பெறும்போது பிரச்சினை வருமா என்று. வரும். ராமாயி ஓரிடத்தில் ராமாய், இன்னோரிடத்தில் ரமாயி என்று இருப்பது மலையகத்தில் சாதாரணம். தோட்டம் கை மாறியபோது புது இலக்கம் விழுந்து இரண்டு கணக்கு ஆகியிருப்பதும் உண்டு. ஓய்வு வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள். பழைய செக்ரோலும் அதை எழுதிய கிளாக்கரும் இருக்கும்போதே தோட்ட ஆபிசில், இரண்டு பெயரும் ஒருவரே என்று சேமலாப நிதி இலக்கத்தையும் சேவைக்காலத்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்று, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி ஆகியவற்றோடு தொழில் அலுவலகத்தில் பெயர்த் திருத்தத்துக்குக் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியிட்ட முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் 50 வயதில் வேலையை விட்டாலே சேமலாப நிதியை எடுக்கலாம். சேவைக்காலப் பணம் தனி: ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய கூலியின்படி. 1,350 ரூபாவில் 28 வருடம் என்றால் 5,29,200 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் தோட்டம் அதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் காலத்துக்கு ஏற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகம் கட்ட வேண்டும். அம்மாவின் வருடங்களை எண்ணி இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் வேலைக்கு வந்த திகதி பீ கார்டிலும் தோட்டத்துப் பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருடம் விடுபட்டால் 18,900 ரூபா போய்விடும்.